சட்டைக்குத் தைத்த சட்டை

சாவாவைத் திருடன் என்று சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை. எல்லைச் சாவடியில் சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் பிழைப்பு, அதை அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் ரயிசா சொன்னாள். இத்தாலியில், பாதுவா ரயில் நிலையத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் திடலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், திடல் முழுக்கப் பெண்கள் நின்று கேட்கும்படி சொன்னாள். இத்தனைக்கும் அவள் மகளுக்கு அனுப்பிய மூட்டைகளில் ஒன்றைக்கூட அவன் மழையில் நனைய விட்டதில்லை. அந்த வார்த்தையை அவன் இன்றுவரை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

அவன் தொழிலில் பெயர் போனால் எல்லாம் போச்சு. வாரா வாரம் மால்டோவாவிலிருந்து கிளம்பி, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவேனியா தாண்டி இத்தாலிக்கு வந்து திரும்பும் ஒரு வேன், அதுதான் சாவா. நடுவில் ஆட்கள், பின்னால் மூட்டைகள். போகும்போது ஆட்டுப் பாலாடைக்கட்டி, ஊறப்போட்ட முட்டைக்கோஸ், வீட்டில் பிழிந்த ஒயின். வரும்போது காப்பித்தூள், சோப்பு, பிள்ளைகளுக்குத் துணிமணி. இத்தாலியக் கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைத்துப் பிழைக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் முழு ஓய்வு. அன்றைக்கு அந்தத் திடலுக்கு வந்து மூட்டையைக் கொடுப்பார்கள், மூட்டையை வாங்குவார்கள், நின்றபடியே ஊர்ச் சாப்பாட்டைப் பிரித்துத் தின்பார்கள், அழுவார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். ரசீது, முத்திரை ஒன்றும் கிடையாது. மூட்டையின் மேல் மையால் ஒரு பெயர், ஓர் ஊர். மிச்சமெல்லாம் வண்டிக்காரன் முகத்தைப் பார்த்துத்தான்.

ரயிசா ஸ்தூரேனிக்காரி. சாவாவின் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பக்கத்து டவுனில் இருந்த பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே குழந்தைகளுக்கான பனியன், ஜட்டி, உள்சட்டை எல்லாம் தைத்தார்கள். அவள் தைத்தது கழுத்து மட்டும். ஒருத்தி தோளை மூட்டுவாள், ஒருத்தி கையை ஏற்றுவாள், உடம்பும் தோளும் சேர்ந்து வரும் துணியில் இவள் கழுத்துப் பட்டியை வைத்து ஒரு சுற்று ஓட்டித் தள்ளிவிடுவாள். அடுத்தது. அடுத்தது. ஒரு சட்டை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது. கழுத்து தெரியும். எவ்வளவு பெரிய தலையும் நுழைந்து, நுழைந்த பிறகு கழுத்தோடு வந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி பட்டி வைக்க அவளுக்குத் தெரியும்.

கம்பெனியை மூடினார்கள். புருஷன் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே வேறொரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டான். ரயிசா ஆறு வயசு மகள் இலின்காவை நாத்தனார் டுடோராவிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தாள். அங்கே தங்குவதற்கான காகிதம் எதுவும் இல்லாமல்தான் வந்தாள். காகிதம் இல்லாதவள் ஊருக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வர முடியாது. அதனால் போகவில்லை. எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள், இவள் ஒருத்தி மட்டுமில்லை.

அவள் பார்த்துக்கொண்ட கிழவியின் வீட்டில் பழைய தையல் மெஷின் ஒன்று இருந்தது. கிழவி மத்தியானம் தூங்கும் நேரத்தில் அதில் மகளுக்குத் தைக்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமைச் சந்தையில் பனியன் துணி வெட்டுத் துண்டுகளாகக் கிடைக்கும். சாதாத் துணி வாங்கமாட்டாள், பனியன் துணிதான்.

"ஏம்மா, அந்த வழவழத் துணியோட எதுக்கு மல்லுக்கட்டுற? நல்ல காட்டன்ல தைச்சுட்டுப் போயேன்," என்று சாவா ஒருமுறை கேட்டான். அப்போதெல்லாம் அவர்களுக்குள் பேச்சு இருந்தது.

"புள்ள எம்புட்டு வளந்திருக்கோ, யாருக்குண்ணே தெரியும்? காட்டன்னா ஒரு விரக்கடை தப்பினாலும் ஏறாது. இது கொஞ்சம் விட்டுக் குடுக்கும்."

முதல் சட்டை போய்ச் சேர்ந்ததும் டுடோரா போனில் சொன்னாள்: பிள்ளை கையைத் தூக்கியதும் பட்பட்டென்று அக்குள் தையல் தெறித்துவிட்டது. ரயிசா அதற்கு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். துணி இழுபடுகிறது, நேர்த்தையல் இழுபடவில்லை, நூல் அறுகிறது. ஜிக்ஜாக் தையலுக்கு மாறினாள். அடுத்த சட்டையின் ஓரம் முட்டைக்கோஸ் இலை மாதிரி சுருண்டு நெளிந்தது. தைக்கும்போது கையால் இழுத்துப் பிடித்ததால் வந்த வினை. துணிக்கு அடியில் செய்தித்தாள் கீற்று வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிட்டால் நெளியாது என்று கண்டுபிடித்தாள். கூர் ஊசி துணியின் பின்னல் கண்ணியை அறுத்து ஏணி மாதிரி ஓட்டை விட்டது. முனை உருண்ட ஊசியாகத் தேடி வாங்கினாள். வாங்கி வந்த துணியை உடனே வெட்டக் கூடாது, மடிப்பைப் பிரித்து ஒரு நாள் கட்டிலில் கிடத்த வேண்டும்.

"சுருட்டி வைக்கையில இழுபட்டே கெடந்திருக்கும்ணே. அது மூச்சு விட்டு ஆறணும். அப்புறந்தான் கத்திரி வைக்கணும்."

"துணியா, பிரசவமான ஆடா?" என்பான் சாவா, கயிற்றை இறுக்கிக்கொண்டே.

அவளுக்கு இதையெல்லாம் சொல்ல வேறு ஆள் இல்லை. கிழவிக்குப் பாதி நினைவு தப்பிவிட்டது. இருக்கிற மீதியும் இத்தாலிய மொழியில் இருந்தது.

அளவு ஊரிலிருந்து வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை டுடோரா கம்பளி நூலில் மூன்று துண்டு வெட்டி, சாவாவிடம் கொடுத்துவிடுவாள். ஒரு முடிச்சு போட்டது மார்புச் சுற்று. இரண்டு முடிச்சு கை நீளம். மூன்று முடிச்சு தோளிலிருந்து முழங்கால் வரை. அந்த நூல் சாவாவின் சட்டைப் பையில் நாடுகளைத் தாண்டி வரும். ரயிசா அதைத் திடலிலேயே வாங்கி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அந்தச் சுற்றுக்குள் ஒரு பிள்ளை நிற்கிற மாதிரி வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்குப் போய் அதை வைத்து வெட்டுவாள். கம்பெனியில் கற்ற பாடம் ஒன்று அவளுக்குத் தலையில் ஏறியிருந்தது: இழுபடும் துணியை உடம்பளவுக்கு வெட்டக் கூடாது, மூன்று விரல் குறைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் உடம்போடு நிற்கும். இல்லாவிட்டால் சாக்கு.

நாலாவது வருஷம்தான் வினை வந்தது. ஸ்தூரேனியில் மூட்டை இறக்கப் போன சாவா, வாசலில் இலின்காவைப் பார்த்தான். ரயிசா அனுப்பிய நீலக் கவுனைக் கால்சட்டைக்கு மேல் மேல்சட்டை மாதிரி போட்டிருந்தாள். கை முழங்கை வரைக்கும்தான் வந்தது. சாவா யாரிடமும் தேவையில்லாமல் பேசுகிற ஆள் இல்லை. அந்த ஞாயிறு என்ன புத்தியோ, ரயிசாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வாயைத் திறந்துவிட்டான்.

"உம் பொண்ணு சூரியகாந்தி கணக்கா நெடுநெடுன்னு வளந்துட்டாம்மா. என் கோட்டு மேப்பொத்தான் வரைக்கும் வந்துட்டா. நீ அனுப்பின கவுன் அவளுக்குச் சட்டையாத்தான் ஆகுது."

ரயிசாவின் முகம் மாறியது. கைப்பையைத் திறந்து நூலை எடுத்தாள்.

"போன மாசம் வந்த நூலு இது. நீதானே கொண்டாந்து குடுத்த? இந்த அளவுக்குத்தான் தைச்சேன். எப்படிச் சின்னதாகும்?"

"எனக்கென்ன தெரியும்? கண்ணால பாத்ததைச் சொல்றேன்."

"நூலுக்குப் பொய் சொல்ல வாய் கெடையாதுண்ணே. உனக்கு இருக்கு." அவள் குரல் ஏறியது. "நான் தைச்சதை எங்க வித்த? ஹங்கேரிச் சந்தையிலயா? வித்துட்டு, யாரோ கழிச்சுப் போட்ட சின்னதை எம் புள்ள தலையில மாட்டி விட்டுட்டு, பொத்தான் வரைக்கும் வந்துட்டான்னு எனக்கே கதை சொல்ற. திருடன்!"

திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாலாடை ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த, சொரோகா ஊரைச் சேர்ந்த சொரோகாக்காரி ஒருத்திதான் வாய் நிறைய ரொட்டியோடு சொன்னாள்: "அடியே, புள்ளக் கவுனை வித்தா மாளிகை கட்டப் போறான்? அவன் கோட்டுல மேப்பொத்தானே இல்ல, பாருடி."

எல்லாரும் சிரித்தார்கள். சாவா கோட்டைக் குனிந்து பார்த்தான். நிஜமாகவே இல்லை. எங்கேயோ விழுந்திருந்தது. சிரிப்பு இன்னும் பெரிதானது. ஆனால் சிரித்துக்கொண்டே இரண்டு பெண்கள் தங்கள் மூட்டையைத் தூக்கிப் பக்கத்து வண்டிக்கு மாற்றியதை அவன் பார்த்தான்.

இதில் பெரிய வேடிக்கை, ஸ்தூரேனிக்குப் போகிற வண்டி அவனுடையது ஒன்றுதான். திருடன் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறும் அதே திருடன் கையில்தான் ரயிசா மூட்டையைக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் படியில் வைத்துவிட்டுப் போனாள். அவனும் எடுத்துக்கொண்டு போனான். எதற்கு எடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஆனால் விடுவதாக இல்லை. ஒரு டேப் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக டுடோரா வீட்டுக்குப் போனான்.

டுடோரா அடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். "வா சாவா, செருப்பைக் கழட்டிட்டு வா, இப்பத்தான் தொடைச்சேன்."

"அக்கா, பொண்ணைக் கூப்பிடு. டேப் கொண்டாந்திருக்கேன்."

"டேப்பு எதுக்கு?"

"டேப்பு எதுக்கு, பெட்ரோல் ஊத்தவா? அளக்கத்தான்."

டுடோரா கரண்டியைப் போட்டுவிட்டு மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "உன் வாயில மண்ணு விழ! உசுரோட இருக்குற புள்ளைய அளக்குறதாம்! செத்தவங்களுக்குத்தானே உசரம் எடுப்பாங்க, அந்த நீளத்துக்கு மெழுகுதிரி உருட்ட. எங்க அப்பனை அளந்த நூலு இன்னும் பரண்ல கெடக்கு. இந்த வீட்டுல வேற யாரையும் அளக்க விடமாட்டேன்."

"அப்போ வருசா வருசம் நூலு குடுத்து விட்டியே? அது எதை அளந்தது?"

"நான் எங்க புள்ளைய அளந்தேன்? சட்டைய அளந்தேன்."

"எந்தச் சட்டைய?"

"அவ ஆத்தா தைச்சு அனுப்புறாளே, அந்தச் சட்டையத்தான். கட்டில்ல விரிச்சுப் போட்டு நல்லாத் தடவி விட்டு அளந்தேன். வேற எதை அளக்கணும்ங்குற, மாட்டையா?"

சாவா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். அவனுக்குப் படிப்பு கொஞ்சம். மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. டுடோரா அனுப்பியது பிள்ளையின் அளவு இல்லை, ரயிசாவின் பழைய சட்டையின் அளவு. ரயிசா அதைப் பிள்ளையின் உடம்பு என்று நினைத்து, மூன்று விரல் குறைத்து வெட்டுகிறாள். அந்தச் சட்டை வருகிறது. அடுத்த வருஷம் டுடோரா அதைக் கட்டிலில் விரித்து அளக்கிறாள். ரயிசா மறுபடி மூன்று விரல் குறைக்கிறாள். பிள்ளை வருஷா வருஷம் வளர்கிறாள். நூல் வருஷா வருஷம் சுருங்குகிறது. துணி மட்டும் விட்டுக் கொடுத்துக் கொடுத்து, இழுத்தால் இழுபட்டு, யாருக்கும் சந்தேகம் வராமல் பார்த்துக்கொண்டது.

அவன் சிரித்தான். திருடன் பட்டம் கழன்றது. ஞாயிற்றுக்கிழமை திடலின் நடுவில் நின்று சத்தமாகச் சொல்லப் போகிறான். அந்தச் சொரோகாக்காரியும் கேட்கட்டும்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்துக் கதவு திறந்தது. இலின்கா ஏறி உட்கார்ந்தாள். அடுப்பு மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"சாவா மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"எதை?"

"நான் பெருசாயிட்டேன்னு."

"அதைச் சொல்லித்தான் பாப்பா நான் ஊர் முன்னால அசிங்கப்பட்டேன். சொல்லாம எப்படி?"

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "எதிர் வீட்டு ஸ்தேலாவோட அம்மாவும் இத்தாலியிலதான், வரேன் வரேன்னாங்க. அப்புறம் ஸ்தேலா களி கிண்டுறா, மாடு கறக்குறான்னு யாரோ சொல்லிட்டாங்க. பெருசாயிட்டால்ல, அவளே பாத்துக்குவா, நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னுட்டாங்க. வரவே இல்ல. சின்னப் புள்ளையா இருந்தாத்தான் அம்மா வருவாங்க, மாமா."

"பைத்தியக்காரத்தனமா இருக்கு."

அவள் அழுதிருந்தால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். டாஷ்போர்டில் எப்போதும் மிட்டாய் இருக்கும். அவள் அழவில்லை. சின்னதாகிப் போன நீலக் கவுனின் கையை மணிக்கட்டு வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். விட்டதும் அது முழங்கைக்கே போனது.

"சரி, எறங்கு," என்றான் சாவா. "வண்டி எடுக்கணும்."

அந்த ஞாயிறு அவன் திடலில் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் திறக்கவில்லை. அப்புறம் அது பழகிவிட்டது.

மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. எல்லையில் அதிகாரி பையைக் கவிழ்த்து, ஒரு சிவப்புச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "பொம்மைக்கா?" என்று கேட்பான். சாவா ஆமாம் என்பான். வெட்டும் தையலும் வருஷத்துக்கு வருஷம் தேறியிருந்தன. ஓரம் நெளியவில்லை, அக்குள் பிடிக்கவில்லை, கழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. அகலம்தான் குறைந்துகொண்டே வந்தது. இலின்கா அவற்றை வாங்கி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைப்பாள். டுடோரா நூல் எடுக்க வந்தால், இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்துக் கொடுப்பதும் அவள்தான்.

பிறகு மூட்டையில் மீன் எண்ணெய் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. சத்து மாத்திரை. ஈரல் டின். குழந்தைக்குப் பசியெடுக்கும் என்று எழுதிய ஏதோ ஒரு பாகு. அந்தப் பாட்டில்களைப் பார்த்தபோதே சாவாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரயிசா நூலை மட்டும் நம்பியவள். நூல் சுருங்கினால் அவளுக்குப் பிள்ளை சுருங்குகிறது என்றுதானே அர்த்தம்? போனில் டுடோரா, "வளர்றா, வளர்றா, ஆண்டவர் புண்ணியத்துல," என்பாள். எல்லா நாத்தனாரும் அதைத்தானே சொல்வார்கள். போட்டோ வரும். பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோ, கழுத்துக்கு மேல் முகம் மட்டும். முகம் சிரித்தது; முகத்தை வைத்து உயரம் எடுக்க முடியாது.

சொரோகாக்காரி ஒருமுறை ரயிசா இருந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து சாவாவிடம் சொன்னாள். "அவளுக்கு மூளை கலங்குதுண்ணே. சட்டைய தலகாணிக்கு மாட்டி நாற்காலியில உக்காத்தி வெச்சிருக்கா. நின்னு பாக்குறா, மண்டி போட்டுப் பாக்குறா, அங்கிட்டு இங்கிட்டு இழுத்து விடுறா. கெழவி அந்தத் தலகாணிக்குப் போய் சூப்பு ஊட்டுறா. ஏதோ ஒரு பேரைச் சொல்லிக் கூப்புடுறா. இவ ஒண்ணும் சொல்லாம, கெழவி கையைப் புடிச்சு, போதும் போதும், அது சாப்பிட்டாச்சுங்குறா."

"ஏதாவது சொன்னாளா?"

"கிழவிக்கு வர்ற டாக்டர்கிட்ட கேட்டிருக்கா. ஒரு புள்ள வருசா வருசம் சின்னதாகிக்கிட்டே போனா என்ன வியாதின்னு. அவரு அப்படி ஒரு வியாதியே இல்லன்னிருக்காரு. மறைக்கிறாருன்னு அழுவுறா."

சாவா வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, பழுதில்லாத சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் பிழைப்பே இங்கிருந்து அங்கேயும், அங்கிருந்து இங்கேயும் கொண்டுபோய் இறக்குவதுதான். இந்த ஒன்றை எந்தப் பக்கமும் இறக்க முடியவில்லை. இந்தப் பக்கம் இறக்கினால் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டது போச்சு. வைத்திருந்தாலோ, இவள் மூளை கலங்குகிறது.

வருஷங்கள் அப்படியே ஓடிப்போயின. பிறகு ஒரு வசந்த காலத்தில் ரயிசாவுக்குக் காகிதம் கிடைத்தது. போகலாம், வரலாம். மூன்று வாரம் விடுப்பு. வேறு வழியில்லாமல் சாவாவின் வண்டிக்கே வந்தாள்.

"முன் சீட்டு இருக்கா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கு," என்று அவனும் காற்றிடமே சொன்னான்.

ஸ்லோவேனியா முழுக்க இருவரும் பேசவில்லை. பின்னால் இரண்டு பெண்கள் மாமியார்களைத் திட்டிக்கொண்டே வந்து, அப்புறம் தூங்கிப் போனார்கள். ரயிசா மடியில் ஒரு பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹங்கேரியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். மற்றவர்கள் கழிப்பறைப் பக்கம் போனார்கள். பக்கத்திலிருந்த மர மேஜையில் சாவா முட்டையும் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் எடுத்து வைத்தான். ரயிசா எதிரில் வந்து உட்கார்ந்தாள். பையைத் திறந்து கரும்பச்சை நிறத்தில் ஒரு கவுனை எடுத்து மேஜையில் விரித்தாள். வெல்வெட் மாதிரி பளபளப்பு, லைக்ரா கலந்த துணி. ஒரு பக்கம் தடவினால் கறுப்பு, மறுபக்கம் தடவினால் பச்சை. ஓர் ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஆகும்.

"அண்ணே, உன்னை ஒண்ணு கேக்கணும். நீதான் வாசல் வரைக்கும் போறவன்." எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவனை அண்ணே என்றாள். "டுடோரா எம் புள்ளைக்குச் சோறு போடுறாளா? எங்கிட்ட மறைக்காத. நான் அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். வைத்தியம் பாக்கணும். பதினஞ்சாகப் போகுது, மார்புச் சுத்து ஆறு வயசுல இருந்ததைவிடக் கம்மி. பாக்குறதுக்கு எப்படி இருக்கா? நடக்குறாளா?"

சாவா முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். உரித்து முடித்தான். கீழே வைத்தான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவனுக்கு நயமாகச் சொல்லத் தெரியாது. டுடோரா பிள்ளையை அளக்கமாட்டாள் என்பது, கட்டில், விரித்துப் போட்ட சட்டை, மூன்று விரல். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். அப்புறம் கைகள் தானாகவே பச்சைக் கவுனின் மேல் போய் அகலத்தை அளந்தன.

"அப்போ இத்தனை வருசமா நான் யாருக்குத் தைச்சேன்?"

"நீ தைச்ச சட்டைக்குத்தான் சட்டை தைச்சிருக்க."

"அவ?"

"அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. உன்னைவிட ஒசரம். தண்ணி வாளி ரெண்டை ஒரே கையில தூக்குறா."

ரயிசா சிரித்தாள் என்று முதலில் நினைத்தான். சிரிப்பு இல்லை, சத்தம் வேறு. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"அந்தச் சண்டைக்கு அடுத்த வாரமே."

"ஏன் சொல்லல?"

"பொண்ணு வேணாம்னு கேட்டுக்கிட்டா. பெருசாயிட்டான்னு தெரிஞ்சா நீ வரமாட்டன்னு பயந்தா. சின்னப் புள்ளைன்னாத்தான் வருவியாம்."

அவள் கவுனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து விரித்தாள், விட்டாள். அது பழையபடி வந்து நின்றது.

"உன்னைத் திருடன்னு சொன்னேனே. அத்தனை பேருக்கு முன்னால. அப்பக்கூடவா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"இருந்தேன்."

சாவா காத்திருந்தான். இவ்வளவு காலம் காத்திருந்தது இதற்குத்தான். ரயிசா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"உப்பு இருக்காண்ணே?" என்றாள்.

அவன் உப்பை நகர்த்தி வைத்தான். அவள் முட்டையில் தொட்டுத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். மற்றவர்கள் திரும்பி வந்ததும் பச்சைக் கவுனை மடித்துப் பையின் அடியில் வைத்தாள், மேலே காப்பிப் பொட்டலங்களை வைத்து அமுக்கினாள்.

மீதி வழி முழுக்கக் கேள்விகள். அவளுக்கு என்ன பிடிக்கும்? சாவாவுக்குத் தெரியவில்லை. முடி நீளமா? வெட்டிவிட்டாள். யார் வெட்டியது? தெரியாது. குரல் போனில் கேட்கிற மாதிரியேதானா? கொஞ்சம் தடித்த குரல். கோபம் வருமா? வரும் என்றுதான் தோன்றுகிறது. என்ன கலர் போடுகிறாள்? கறுப்பு, எப்போதும் கறுப்பு. ரயிசா அனுப்பியதில் கறுப்பே கிடையாது. ருமேனியாவின் மலைகளில் கேள்வி நின்றது.  மால்டோவா எல்லையிலிருக்கும் ப்ரூட் ஆற்றைத் தாண்டியதும் சீப்பை எடுத்துத் தலை வாரினாள், நெற்றிக்கு மேல் நரைத்திருந்ததைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடி கலைத்தாள்.

மற்றவர்களை அவரவர் ஊரில் இறக்கியாயிற்று. ஸ்தூரேனிக்குள் வண்டி நுழைந்தபோது சாயங்கால வெயில். பனி உருகின சேறு. வாத்துகள் வழி விடாமல் நடந்தன. டுடோரா வீட்டு வாசலுக்கு எதிரே, தெருக் கிணற்றடியில், கறுப்புக் கால்சட்டை போட்ட ஒரு நெட்டைப் பெண் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். அம்மா இன்றைக்கு வருகிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஓடி வரவில்லை. கிணற்றுக் கல்லோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தன்னால் முடிந்த அளவுக்குக் குள்ளமாக நின்றாள்.

சாவா பிரேக்கில் கால் வைத்தான். ரயிசா கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். திறக்கவில்லை. அந்தப் பெண் நின்ற நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பை சரிந்து காலடியில் விழுந்தது, அதை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் சாவாவிடம் எதுவும் கேட்டதில்லை. அவனிடம் அவள் கடைசியாகக் கேட்டது அப்போதுதான், முகத்தைத் திருப்பாமல், மூச்சுக் காற்றில் கேட்டது:

"நிறுத்தாதண்ணே. ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வா. அவ நிமிந்து நிக்கட்டும்."